பசி அடங்கின பிறகு தட்டில என்ன இருக்கு?



லண்டனில எங்கட சனம் கூடுற இடத்தில எல்லாம் இப்ப ஒரு கதை ஓடுது. கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் மண்டபம், எங்க போனாலும் யாரோ ஒருவர் நல்லா மெலிஞ்சு வந்து நிற்பார். "என்ன செய்தனீங்கள்?" எண்டு கேட்டால், "சோத்தைக் குறைச்சிட்டன், பின்னேரத்தில நடக்கிறன்" எண்டு பதில் வரும். அவர் அங்கால போனதும் "அது ஊசி" எண்டு பின்னால குசுகுசுப்பு. ஊசி போட்டவருக்கு வெட்கம், கதைக்கிறவைக்கு நக்கல், மிச்சப் பேருக்கு "எங்க வாங்கலாம்" எண்ட யோசனை.

எங்கட இடதுசாரி வட்டங்களிலும் இதைப் பற்றித் தெளிவான கதை ஒன்றும் இல்லை. "எல்லாம் மருந்துக் கம்பனிகளின்ர வியாபாரம்" என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுகிறோம். அதே நேரம் எங்களுக்குள்ளேயே சிலர் சத்தமில்லாமல் போடுகிறார்கள். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிற ஆள் என்ற முறையில் நான் சொல்ல வந்தது இதுதான்: இந்த மருந்து வேலை செய்கிறது, தேவையான ஆளுக்கு அது கிடைக்க வேணும். ஆனால் இப்போது அது விற்கப்படுகிற முறையில் பசியை அடக்குகிற வேலை மட்டும்தான் நடக்கிறது. பசி அடங்கின உடம்புக்கு என்ன சாப்பாடு போகிறது என்று பார்க்கிற பொறுப்பை யாரும் எடுக்கவில்லை. அந்த இடைவெளியில் கூட அடிபடப் போவது எங்கட வீட்டுப் பெண்கள்.

மருந்து என்ன செய்யுது

நாங்கள் சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹோர்மோன் சுரக்கும். அது இன்சுலின் சுரக்க உதவும், இரைப்பை காலியாகிற வேகத்தைக் குறைக்கும், மூளைக்குப் "போதும்" என்று சொல்லும். இயற்கையாகச் சுரப்பது சில நிமிசத்தில் உடைந்து போய்விடும். அதே மாதிரி வேலை செய்யும்படி செய்யப்பட்ட செமாக்ளுடைட் உடம்பில் கன நாள் தங்கும். அதனால்தான் கிழமைக்கு ஒரு ஊசி போதும். நீரிழிவுக்குக் கொடுக்கிற ஒசெம்பிக், எடைக்குக் கொடுக்கிற வெகோவி இரண்டுக்குள்ளும் இருப்பது இந்த ஒரே மருந்துதான். மௌன்ஜாரோவில் இருப்பது டிர்செபடைட். அது இன்னொரு குடல் ஹோர்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

2021ல் வெளியான ஆய்வு ஒன்றில் 1,961 பேர் கலந்துகொண்டார்கள். 68 கிழமையில் செமாக்ளுடைட் போட்டவர்களின் எடை சராசரியாக 14.9% குறைந்தது, மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 2.4%. 2023ல் வந்த இன்னொரு ஆய்வில், இதய நோய் உள்ள ஆனால் நீரிழிவு இல்லாத 17,604 பேரைப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் வரும் சாவு எல்லாம் சேர்த்து 20% குறைந்திருந்தது. நாற்பது, ஐம்பது வயதில் மாரடைப்பில் போன ஒருவரைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இந்த நகரத்தில் எத்தனை இருக்கும்? அப்படியிருக்க, இதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட ஏலாது.

"வாயைக் கட்டத் தெரியாத ஆக்களுக்குத்தான் ஊசி" என்ற கதையையும் விட்டுவிட வேணும். நாள் முழுக்க மண்டைக்குள்ள சாப்பாட்டைப் பற்றின இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது, ஊசி போட்டதும் அது நின்றுவிட்டது என்று போடுகிறவர்களில் கனபேர் சொல்கிறார்கள். ஒரு ஹோர்மோன் ஊசியில் நிற்கிற இரைச்சலை ஒழுக்கக் குறைவு என்று சொல்வது நியாயமில்லை.

மெலியிறது எது

எடை குறைவது என்றால் கொழுப்பு குறைவது என்றுதான் நினைக்கிறோம். 2021 ஆய்வில் 140 பேரின் உடம்பை ஸ்கான் செய்து பார்த்தார்கள். செமாக்ளுடைட் போட்டவர்கள் இழந்த எடையில் ஏறக்குறைய 40% கொழுப்பு இல்லாத பகுதி. அது முழுக்கத் தசை என்று சொல்ல முடியாது. நீரும் மற்ற உறுப்புகளும் அந்தக் கணக்கில் வரும். டிர்செபடைட்டில் இந்தப் பங்கு கால்வாசி அளவில் இருந்தது. எப்படி மெலிந்தாலும் கொஞ்சம் தசை போகும், பட்டினி கிடந்து மெலிந்தாலும் போகும். இங்கே வித்தியாசம் என்னவென்றால், எடை வேகமாகவும் கூடுதலாகவும் போகிறது, அதே நேரம் உள்ளே வருகிற சாப்பாடு குறைகிறது.

இது எங்களுக்கு ஏன் கூடுதலாக முக்கியம்? 2004ல் யாஜ்னிக், யுட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் லான்செட்டில் தங்கட இரண்டு பேரின் படத்தையே போட்டுக் காட்டினார்கள். ஒருவர் இந்தியர், மற்றவர் பிரிட்டிஷ் வெள்ளையர். இரண்டு பேருக்கும் ஒரே பிஎம்ஐ, 22.3. ஆனால் உடல் கொழுப்பு வெள்ளையருக்கு 9.1%, இந்தியருக்கு 21.2%. தெற்காசிய உடம்பில் அதே எடைக்குக் கொழுப்புக் கூட, தசை குறைவு. இருக்கிற தசையே கொஞ்சம் என்கிற உடம்பில் இருந்து தசை போவது சின்ன விஷயமில்லை. இரத்தத்தில் உள்ள சீனியில் பெரிய பங்கை எடுத்துக்கொள்வது தசை. வயது போகும்போது விழாமல் நிற்க வைப்பதும், படி ஏற வைப்பதும் அதுதான்.

ஊசியை நிறுத்தினால் என்ன என்றும் பார்த்திருக்கிறார்கள். அதே 2021 ஆய்வின் தொடர்ச்சியில், மருந்தை நிறுத்தி ஒரு வருசத்தில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. எடை தானாகத் திரும்பி வரும். தசை அப்படித் தானாக வராது. அதற்குப் புரதமும் பாரம் தூக்குகிற பயிற்சியும் வேணும். காசு முட்டிப்போய் ஆறு மாதத்தில் நிறுத்துகிறவர், தொடங்கின நாளைவிடத் தசை குறைந்து கொழுப்புக் கூடின உடம்போடு நிற்கக்கூடும்.

தட்டுக் கணக்கு

75 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுப்போம். பிரிட்டனில் வளர்ந்த ஆளுக்குச் சொல்கிற அளவு, உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.75 கிராம் புரதம். அதன்படி அவவுக்கு நாளுக்கு 56 கிராம் வேணும். எடை குறைகிற காலத்தில் கிலோவுக்கு 1.2 கிராம் வரைக்கும் தேவை என்பது நிபுணர்கள் பொதுவாகச் சொல்கிற கணக்கு. அப்படிப் பார்த்தால் 90 கிராம்.

இப்ப ஊசி போட்ட ஒரு நாளைப் பாருங்கோ. காலையில ஒரு பால் தேத்தண்ணி, இரண்டு பிஸ்கட். மத்தியானம் ஒரு சின்னக் கோப்பை சோறு, அதில் நாலு கிராம் புரதம் இருக்கும். இரண்டு கரண்டி பருப்பு, ஒரு மரக்கறி, எல்லாம் சேர்த்து இன்னொரு ஆறேழு கிராம். இரவு மூன்று இடியப்பம், கொஞ்சம் சொதி, சம்பல். மீன்துண்டு கண்ணுக்கு முன்னால இருந்தும் மணம் வயிற்றைப் புரட்டுது எண்டு வைத்துவிடுகிறா. கூட்டிப் பார்த்தால் 20 கிராமுக்குக் கிட்டத்தான் வரும். தேவையில் பாதியும் இல்லை.

ஊசி சுவையையும் மாற்றுகிறது. எண்ணெய், பொரியல், சில பேருக்கு இறைச்சியும் மீனும் ஒத்துவராமல் போகும். குமட்டல் வரும், மலச்சிக்கல் வரும், தாகமும் குறைந்து தண்ணீர் குடிக்க மறந்துபோகும். இந்த நேரத்தில் எது லேசாக இறங்குமோ அதைத்தான் மனுசர் சாப்பிடுவினம்: ரஸ்க், கிரக்கர், கொஞ்சச் சோறும் ரசமும். பசி இருக்கிற ஆள் மூன்று கோப்பை சோற்றோடு ஒரு அளவு பருப்பும் கீரையும் உள்ளே தள்ளிவிடுவார். பசியில்லாத ஆளுக்கு ஒவ்வொரு வாய்க்கும் கணக்கு இருக்கிறது. இரும்பு, பி12, விற்றமின் டி எங்களில் கன பெண்களுக்கு ஏற்கெனவே குறைவு. அதுக்கு மேலதான் இது வருகிறது.

தயவுசெய்து இதை "சோறுதான் வில்லன்" என்ற பழைய பாட்டாக எடுக்க வேண்டாம். எங்கட சமையலில் இதற்கு விடை இருக்கிறது. அவித்த முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம். கடலை, கௌபி, பயறு, உழுந்து, தயிர், நெத்தலி, முருங்கையிலை, சின்னமீன் தீயல், இவையெல்லாம் எங்கட அம்மம்மாமாருக்குத் தெரிந்த சாப்பாடு. மாற வேண்டியது ஒழுங்கு: தட்டில் முதலில் பருப்பு, மீன், முட்டை; பிறகு கீரை, மரக்கறி; இடமிருந்தால் சோறு. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்ட முன்னம் வைத்தியரிடம் கேட்க வேணும். இது ஒரு பெரிய இரகசியம் இல்லை. ஆனால் ஊசியை விற்கிற எவரும் இதைத் தமிழில், எங்கட தட்டை வைத்து, எங்கட அன்ரிமாருக்குச் சொல்வதில்லை. "கிரிக் யோகட், குவினோவா" என்று ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தால் அதைத் திறக்கவும் மாட்டினம்.

கடைசியாச் சாப்பிடுறவ

எங்கட வீடுகளில் சமைக்கிற ஆள் கடைசியாகச் சாப்பிடுவா. பிள்ளைகளுக்கு, மனுசனுக்கு, வந்த ஆக்களுக்குப் போட்டு முடித்து, சட்டியில் மிஞ்சினதை நின்றபடி வழித்துச் சாப்பிடுகிற வழக்கம் லண்டனுக்கு வந்தும் போகவில்லை. அவ என்ன சாப்பிட்டா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, ஒருவரும் பார்த்ததில்லை. இப்ப அவ ஊசி போட்டு, எல்லாருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் படுக்கப் போனாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. மெலிந்து வந்தால் பாராட்டு வேற.

இதோடு விரதமும் சேரும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள், கேதார கௌரி, வெள்ளிக்கிழமை. இன்சுலினோ, இன்சுலினைக் கூடச் சுரக்க வைக்கிற சில பழைய நீரிழிவு மாத்திரைகளோ எடுக்கிற ஒருவர் இந்த ஊசியையும் போட்டுக்கொண்டு விரதமும் இருந்தால், இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். விரதம் பிடிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அதற்கு முன்னம் நேர்ஸிடமோ ஜிபியிடமோ கதைக்க வேணும். அதுக்கு முதல், ஊசி போடுவதைச் சொல்ல வேணும். வெட்கம் இங்கேதான் ஆளைக் கொல்லும்.

என் வயதுப் பெண்களுக்கு இன்னொன்று. மௌன்ஜாரோ எடுக்கும்போது கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம் என்று 2025 ஜூனில் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. தொடங்கி நான்கு கிழமைக்கும், அளவைக் கூட்டுகிற ஒவ்வொரு முறையும் நான்கு கிழமைக்கும், வேறொரு முறையையும் சேர்த்துப் பாவிக்க வேணும். வீட்டுக்குத் தெரியாமல் ஊசி போடுகிற, வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையும் எடுக்கிற ஒரு தமிழ்ப் பெண்பிள்ளைக்கு இதை யார் சொல்லியிருப்பினம்?

ஆருக்குக் கிடைக்குது

2025 ஜூனில் இங்கிலாந்தில் என்எச்எஸ் மௌன்ஜாரோவை ஜிபி வழியாக எடைக்குக் கொடுக்கத் தொடங்கியது. முதல் வருச விதி: பிஎம்ஐ 40க்கு மேல், தெற்காசியர் போன்றவர்களுக்கு 37.5க்கு மேல் இருக்க வேணும். அதோடு நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், தூக்கத்தில் மூச்சுத் தடை, கொழுப்புக் கோளாறு ஆகிய ஐந்தில் நான்காவது இருக்க வேணும். முதல் மூன்று வருசத்தில் ஏறக்குறைய 220,000 பேருக்குத்தான் திட்டம். நீரிழிவுக்கு மருந்தாக எடுக்கிற வழி தனி. அதை விட்டால் பிஎம்ஐ 32 இருக்கிற எங்கட அக்காவுக்கு அந்தக் கதவு திறக்காது. இந்த வழியில் வருகிறவர்களுக்குச் சாப்பாட்டு ஆலோசனையும் உடற்பயிற்சி உதவியும் சேர்த்துக் கொடுக்க வேணும் என்பது விதி. மிச்சப் பேர் காசு கட்டி இணைய மருந்தகத்தில் வாங்குகிறார்கள். அங்கே கிடைப்பது பெட்டிக்குள் ஒரு ஊசி.

2025 ஓகஸ்டில் எலி லில்லி கம்பனி பிரிட்டனில் மௌன்ஜாரோவின் விலையைச் செப்டெம்பரில் இருந்து 170% வரை கூட்டப் போவதாக அறிவித்தது. ஆகக் கூடின அளவின் பட்டியல் விலை மாதம் 122 பவுணில் இருந்து 330 பவுணுக்குப் போனது. அமெரிக்காவில் விலை கூட, ஐரோப்பாவில் குறைவு என்று டிரம்ப் போட்ட சத்தத்துக்கு வந்த பதில் அது. அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல நிபுணர் தேவையில்லை: ஊசியில் மிச்சத்தை இழுத்துப் போடுவது, இரண்டு பேர் பங்கு போடுவது, சலூனில் விற்கிறதை வாங்குவது. அதே வருசம் ஒக்டோபரில் நோர்தம்டனில் கள்ள ஊசி செய்கிற ஒரு இடத்தையே பிடித்தார்கள்.

இந்த அறிவு யாருடையது என்றும் கேட்க வேணும். இந்த வகையில் முதலில் வந்த மருந்துக்கு வழி காட்டியது ஒரு பல்லியின் நஞ்சு. அதைக் கண்டுபிடித்த ஜோன் எங் வேலை செய்தது நியூயோர்க் பிராங்ஸில் உள்ள முன்னாள் படையினருக்கான அரச மருத்துவமனையில். பொதுக் காசில் முளைத்த அறிவு அது. எலி லில்லியின் சந்தை மதிப்பு ஒரு ட்ரில்லியன் டொலரைத் தொட்டது 2025 நவம்பரில். 2024ல் நெஸ்லே கம்பனி இந்த ஊசி போடுகிறவர்களை நினைத்து ஒரு உறைசாப்பாட்டு வகையை அமெரிக்காவில் அறிவித்தது. பசியைத் தூண்டி விற்ற கம்பனி, பசி போனதையும் விற்கிறது.

வேலைக்குத் திரும்ப ஒரு ஊசி

2024 ஒக்டோபரில் அப்போதைய சுகாதாரச் செயலாளர் வெஸ் ஸ்ட்ரீட்டிங், இந்த ஊசிகள் வேலையில்லாதவர்களை வேலைக்குத் திரும்பக் கொண்டுவர உதவும் என்று எழுதினார். எலி லில்லியின் 279 மில்லியன் பவுண் முதலீட்டோடு, மான்செஸ்டர் பகுதியில் நடக்கும் ஆய்வு ஒன்றும் அறிவிக்கப்பட்டது; வேலை வாய்ப்பில் மருந்து என்ன மாற்றம் செய்கிறது என்றும் அதில் பார்ப்பார்களாம். ஒரு மனுசரின் உடம்பை நலமாக வைக்க அவர் உயிரோடு இருப்பது போதாது, உழைப்புக்குத் திரும்ப வேணும். தோட்டத்தில் கூலிக்கு எண்ணப்பட்ட சனத்தின் வரலாறு தெரிந்த எங்களுக்கு இந்தக் கதை புதிசில்லை.

சாப்பாட்டுப் பக்கத்தில் அதே அரசு என்ன செய்கிறது? ஃபுட் ஃபவுண்டேஷனின் 2025 அறிக்கையின்படி, அரசு பரிந்துரைக்கிற நல்ல சாப்பாட்டைச் சாப்பிட வேணுமென்றால் ஆக வறிய ஐந்தில் ஒரு பங்கு சனம் தங்கட செலவுக்கான வருமானத்தில் 45% கொடுக்க வேணும். இரவில் கட்டடம் துடைத்து, பகலில் பெற்றோல் நிலையத்தில் நின்று, இடையில் கார் இருக்கையில் வைத்துச் சாப்பிடுகிற ஒருவரிடம் "பருப்பை முதலில் சாப்பிடுங்கோ" என்று சொல்வது மட்டும் அரசியல் இல்லை. அவருக்கு இருந்து சாப்பிட நேரமும், அந்த நேரத்துக்குச் சம்பளமும் வேணும்.

என்ன கேட்பம், என்ன செய்வம்

அரசிடம் கேட்க வேண்டியது: தனியாக வாங்கினாலும் என்எச்எஸ்ஸில் எடுத்தாலும், இந்த ஊசி போடுகிற எவருக்கும் இரத்தப் பரிசோதனையும் உணவு ஆலோசகரும் கிடைக்க வேணும். அதற்கான செலவை விற்கிற கம்பனிகளிடம் இருந்து அறவிட வேணும். ஆலோசனை தமிழிலும் மற்ற சமூகங்களின் மொழிகளிலும் வர வேணும். விலையைப் பொறுத்தவரை, பொதுத் தேவைக்காகக் காப்புரிமையை மீறிப் பாவிக்கிற அதிகாரம் பிரிட்டன் அரசுக்கு 1977ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டெம்பரில் இந்த மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அத்தியாவசியம் என்றால் விலையை ஒரு கம்பனி இரண்டு கிழமை அவகாசத்தில் கூட்ட விடக்கூடாது.

எங்களுக்குள் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். குசுகுசுப்பை நிற்பாட்டுவம். தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து வெளியில காத்து நிற்கிற அம்மாமார் முப்பது பேர் இருப்பினம். எங்களில் மருத்துவம், தாதியியல், ஊட்டச்சத்துப் படித்தவர்கள் உண்டு. ஒரு மணித்தியாலம், ஒரு பெரிய தட்டு, ஒரு பக்கத் தமிழ்த் துண்டுப்பிரசுரம் போதும்: என்ன சாப்பிடுவது, எந்தப் பரிசோதனையைக் கேட்பது, எந்த அறிகுறி வந்தால் உடனே வைத்தியரிடம் போவது. நிற்காத வயிற்றுவலி, நிற்காத வாந்தி வந்தால் பொறுக்கக் கூடாது என்பதை முதல் வரியில் போடுவம்.

வீட்டிலயும் ஒன்று. "சாப்பிட்டாச்சோ?" எண்டு கேட்டால் "ஓம்" எண்டு பதில் வரும், அதோட கதை முடிஞ்சுது. இனி "என்ன சாப்பிட்டனீங்கள்?" எண்டு கேட்பம், முக்கியமாச் சமைச்ச ஆளிட்ட. கேட்டுவிட்டு, அவவுக்கு ஒரு தட்டைப் போட்டுக் குடுக்கிறதும் எங்கட வேலை.

துண்டுப்பிரசுரத்துக்கு ஒரு முதல் வரைவு நான் எழுதத் தொடங்கிவிட்டேன். ஊசி போடுகிறவர்கள், போட்டு நிறுத்தினவர்கள், உங்கட அனுபவத்தில் அதில் என்ன வர வேணும் என்று இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ. பெயர் தேவையில்லை.